எங்கள் ஊருக்கு அடியில் போன கரண்ட்

எனக்குக் கல்யாணமான மறுமாதமே அவருக்கு அந்தக் கேபிள் வேலை வந்துவிட்டது. கோவில்பட்டியிலிருந்து பல மைல் தள்ளி, கரிசல் காட்டுக்குள் புதிதாக ஒரு பஞ்சு மில் கட்டியிருந்தார்கள். கரிசலில் நட்ட கம்பம் ஒரு மழைக்கு நிற்கும், அடுத்த மழைக்குச் சாயும். ஆடிக் காற்றில் கம்பி அறுந்தால் மில்லே நின்றுபோகும். அதனால் அவ்வளவு தூரமும் பூமிக்கு அடியிலேயே கரண்டைக் கொண்டுபோவதென்று மில்லுக்காரர்கள் முடிவு செய்திருந்தார்கள்.

அவர் ஜாயிண்ட் போடுகிறவர். ஒரு டிரம்மில் சுற்றி வந்த கேபிள் தீர்ந்ததும், அடுத்த டிரம்மின் நுனியை அதோடு சேர்த்து, ஈயத்தால் மூடி, இரும்புப் பெட்டிக்குள் வைத்து, உருக்கிய தாரை ஊற்றி நிரப்புவார். வேலை நகர நகரக் கூடாரமும் நகரும். பெண்கள் தங்க அங்கே வசதியில்லை. நான் அம்மா வீட்டிலேயே இருந்தேன். எங்கள் ஊர் கேபிள் போகிற வழியில் பாதித் தூரத்தில் இருந்தது.

பங்குனியில், வெள்ளாமை எடுத்துக் காடெல்லாம் வெறுமையாகக் கிடந்தபோது, கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து தோண்ட ஆரம்பித்தார்கள். விதைப்புக்கு முன்னால் பள்ளத்தை மூடிவிட வேண்டும் என்று காட்டுக்காரச் சம்சாரிகளோடு பேச்சு. அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும் வருவார். மாதா கோயில் பூசைக்குப் போய்விட்டு வந்து சாப்பிட்டு, வெயில் தாழ்ந்ததும் கிளம்பிவிடுவார். அவர் போன பிறகு அம்மா என் முகத்தைப் பார்க்காமல் ஏதாவது வேலை ஏவுவாள்.

ஆனால் பள்ளம் எங்கள் ஊரை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. விறகுக்குப் பருத்திமார் பிடுங்கப் போய் வருகிறவர்களிடம் எது வரைக்கும் வந்திருக்கிறது என்று விசாரிப்பேன். ஓடைக்கு அந்தப் பக்கம் நிற்கிறது என்பார்கள். பிறகு ஓடையைத் தாண்டிவிட்டது என்றார்கள்.

ஆனி பிறந்தபோது கூடாரம் ஊருக்கு வெளியே வந்துவிட்டது. அவர் தினமும் சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். கையெல்லாம் தார் ஒட்டியிருக்கும். கடலை எண்ணெய் தேய்த்து, பழந்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிடுவேன். முழுவதும் போகாது. அந்த வாசனையோடுதான் சாப்பிடுவார்.

ஒருநாள் மத்தியானம் நானே சோறு கொண்டுபோனேன். பள்ளத்தில் ஆற்றுமணல் பரப்பி, அதன்மேல் கேபிள் கிடந்தது, கைத்தண்டி கனத்தில். இதிலிருந்து நம்ம ஊருக்குக் கொஞ்சம் எடுக்க முடியாதா என்று கேட்டேன்.

"ஏட்டி, இது மில்லுக்குப் போற கரண்டு. நம்ம ஊரு இதுக்கு வழி மட்டுந்தான்."

"ஒங்களுக்கும் அப்படித்தானா?"

அவர் மணல் குவியலில் கொஞ்சம் ஒதுங்கி இடம் விட்டு, "இங்கன உக்காரு" என்றார். இரண்டு பேரும் ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டோம்.

ஆடியில் கேபிள்மேல் செங்கல் அடுக்கி மூடிக்கொண்டே கூடாரம் மில் பக்கம் போய்விட்டது. புரட்டாசியில் மில்லில் கரண்ட் வந்தது. அவரை வடக்கே வேறு வேலைக்கு அனுப்பினார்கள். எங்கள் வீட்டில் சிம்னி விளக்குத்தான். மூடிய பள்ளம் காட்டுக்குள் ஒரு நீளக் கோடாகத் தெரியும். தண்ணீருக்குப் போகும்போது அதன்மேல் நடந்து போவேன்.

ஐப்பசி மழை இறங்கிய வாரம் மில் நின்றுவிட்டது. ஏதோ ஒரு கருவியை வைத்துச் சோதித்து, பழுது எங்கள் ஊர்ப் பக்கம்தான் என்று கண்டுபிடித்தார்களாம். அம்மா வாசலிலிருந்து, "மருமகன் வந்திருக்காவ" என்றாள். நான் கையில் மாவோடு ஓடினேன். இஞ்சினியரின் ஜீப்பிலிருந்து இறங்கிய அவர் முகம் செத்துக் கிடந்தது. பழுதான இடத்தில் ஜாயிண்ட் போட்டவர் அவர்தான்.

அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கை கழுவிக்கொண்டே சொன்னார்: "வீட்டுக்கு வரணும்னு வெரசா முடிச்சுட்டனோ என்னமோ."

அவர் வீட்டுக்கு வருவதற்காக அவசரப்பட்டிருக்கலாம் என்பது எனக்கு எப்பேர்ப்பட்ட செய்தி என்பதை அவரிடம் அப்போது எப்படிச் சொல்வேன்?

மறுநாள் தோண்டிப் பார்த்தார்கள். கோடையில் வெடித்த கரிசல் மழைக்கு ஊறி உப்பி, இறுக்கமாகப் போட்டிருந்த கேபிளை இழுத்திருந்தது. ஜாயிண்ட் வாய் பிளந்து தண்ணீர் உள்ளே போயிருந்தது. ஆள்மேல் குறையில்லை, மண்தான் இழுத்துவிட்டது என்று இஞ்சினியர் சொல்லிவிட்டார். புதுத் துண்டு வைத்து, இந்த முறை வளைத்துத் தளர்வாகப் போடச் சொன்னார்.

மழை விடவில்லை. தோண்டிய பள்ளத்தில் தண்ணீர் நின்றது, இறைத்தால் மறுபடியும் நிறைந்தது. ஈரத்தில் ஜாயிண்ட் போட முடியாது. அவர் வாசலில் உட்கார்ந்து, எப்போது வெறிக்கும் என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் அடுப்படியில் இருந்தபடி கூரைமேல் விழும் சத்தம் குறைந்துவிடக் கூடாதே என்று கேட்டுக்கொண்டிருப்பேன். மழை வெறித்தது. வேலை முடிந்தது. அவர் போனார்.

பிள்ளை பிறந்த பிறகு வெளிமாவட்டத்தில் குவார்ட்டர்ஸ் கொடுத்தார்கள். அதன்பின் நாங்கள் சேர்ந்துதான் இருந்தோம், ஒரு குறையும் இல்லை. எங்கள் ஊருக்கும் வேறு பக்கத்திலிருந்து, கம்பம் வழியாக, கரண்ட் வந்தது. ஒருமுறை பஸ்ஸில் அந்த வழியாகப் போனபோது அவர் என் தோளைத் தொட்டு, "அங்கனதான் அந்த ஜாயிண்டு கெடக்கு. இன்னும் ஒண்ணும் ஆகல" என்றார். நான் அந்நேரம் எதிர்ப்பக்கத்து ஜன்னல் வழியாக, அவர் சாயங்காலம் நடந்து வருகிற பாதை தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் காலமாகி வருடங்கள் ஆகிவிட்டன. ஆனிக் காற்று வீசத் தொடங்கினால், வெயில் தாழ்கிற வேளையில் எனக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்வதில்லை. வாசலில் போய் நிற்கிறேன். யாரைப் பார்க்கிறீர்கள் என்று மருமகள் கேட்பாள்.

"காத்து வாங்குதேன்" என்பேன்.