மேசைக்கு அடியில் என் முட்டி

முப்பது வருடம் பரீட்சை ஹாலில் பிட் அடித்தவர்களைப் பிடித்தவன் நான். பிட் அடிப்பதில் எவ்வளவு குஷி இருக்கிறது என்பது ஓய்வுபெற்ற பிறகுதான் தெரிந்தது.

தாம்பரத்தில் என் வீட்டு மாடியறையில் ஒரு சென்சார் செய்துகொண்டிருந்தேன். கழிவுநீர்த் தொட்டிக்குள் விஷவாயு இருந்தால் கூவும். மற்ற சென்சார்களுக்கு உள்ளே ஹீட்டர் எரியவேண்டும். பேட்டரி சீக்கிரம் தீரும். என்னுடையதற்கு ஹீட்டரே இல்லை. கைக்கடிகார பேட்டரியில் மாதக்கணக்கில் ஓடும். ஒரே குறை, மழை ஈரத்தில் தூங்கிவிடும்; வாயு இருந்தாலும் கூவாது.

தொட்டி வேலைக்காரர்களுக்கு இதைக் கொடுக்கலாமா என்று பார்க்க ஒரு குழு வந்த அன்று, விடியலிலிருந்தே மழை. நான் சென்சார் பெட்டிக்குள் காலிங்பெல் ஒன்றை ஒளித்து, அதன் ரிமோட்டை மேசைக்கு அடியில் ஒட்டினேன். படப்பையிலிருந்து கழிவுநீர் லாரி ஓட்டும் நண்பர், தரையில் உட்கார்ந்து சாக்கடைக் கேனைத் திறந்தார். நான் முட்டியால் அழுத்தினேன். பெட்டி கூவியது. குழு கைதட்டியது.

மறுநாள் காலை பெட்டியைக் காணோம். நண்பர் அதை எடுத்துக்கொண்டு நாவலூரில் ஒரு அடுக்குமாடித் தொட்டியருகே இருந்தார். போனில் கத்தினேன்: "அதை நம்பாதீங்க! அது பொய்!"

"இன்னா சார், எனக்குத் தெரியாதா? நேத்து உங்க முட்டிக்கு எதிர்லதான குந்திகினு இருந்தேன்? நெசமா கூவுதான்னு பாக்கதான் எடுத்தாந்தேன். கயித்துல கட்டி உள்ள வுட்டேன். கம்முனு கீது. உங்க முட்டி இங்க வரலயே!"

எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் தொடர்ந்தார்.

"கூட வேல செய்ற மச்சான் கிட்டதான் சொல்ல மறந்துட்டேன் சார். பொட்டி கம்முனு கீது, காத்து நல்லா கீதுன்னு ஒரு கால உள்ள வுட்டுட்டான். காலரப் புடிச்சி இழுத்தேன்."

அன்றே குழுவுக்கு எழுதினேன்: கூவியது சென்சார் அல்ல, என் முட்டி. தயவுசெய்து யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். அந்தக் கடிதத்தைத் தபாலில் போடும்போதுகூட, மச்சானின் ஒற்றைக் கால்தான் கண்ணில் நின்றது.

இப்போதைய பெட்டியில் ஒரு பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கும். சிமிட்டல் நின்றால் பெட்டி தூங்கிவிட்டது, இறங்கக்கூடாது. மச்சான் சொன்ன யோசனை அது. ஈரத்தோடு இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஒவ்வொரு சோதனைக்கும் நண்பர் வருகிறார். பெட்டியைத் தொடுவதற்கு முன் குனிந்து மேசைக்கு அடியில் பார்க்கிறார். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு முட்டிகளையும் வெளியே காட்டுகிறேன்.