எழுத்தின் மேல் ஒரு கோடு

எங்கள் பள்ளியில் பிரெஞ்சு டீச்சர் அவர். கோலார் தங்கவயலிலிருந்து தினமும் ரயிலில் பெங்களூர் வருவார். ஒல்லியான உடம்பு, கசங்காத காட்டன் புடவை, விரலில் எப்போதும் சிவப்பு மசி.

ஸ்டாஃப் ரூமில் என் கணக்கு நோட்டுகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பிரெஞ்சு எழுத்துகளின் மேல் பிள்ளைகள் போடாமல் விட்ட சின்னச் சாய்கோடுகளை ஒவ்வொன்றாகப் போடுவார். மார்க் மட்டும் போட்டால் போதாதா என்றால், "இந்தக் கோடு இல்லாட்டி பிரான்ஸ்ல யாருக்கும் புரியாது சார்" என்பார்.

ஒருநாள் பிரான்சிலிருந்தே ஒரு பெண்மணி பள்ளியைப் பார்க்க வந்தார். பிரின்சிபால் மேடம் பெருமையாக டீச்சரை முன்னால் நிறுத்தினார். வந்தவர் வேகமாக ஏதோ கேட்டார். டீச்சர் சிரித்துக்கொண்டே, பிரெஞ்சில் ஆமாம் என்பதற்கான "வீ, வீ" என்றார். வந்தவர் மறுபடி கேட்டார். மறுபடியும் "வீ". கடைசியில் அந்தப் பெண்மணி ஆங்கிலத்தில் பிரின்சிபாலிடம் கேட்டார், பாத்ரூம் எங்கே இருக்கிறது என்று.

மத்தியானம் டீச்சர் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

"ஒரு வார்த்தைகூட புரியல சார். இருபது வருஷமா நான் என்னா பாஷை சொல்லிக்குடுத்தேன்?"

பிரின்சிபாலுக்கோ எதுவும் உறைக்கவில்லை. ஜூனிலிருந்து ஸ்பானிஷும் நீங்களே எடுங்கள் என்றார். டீச்சர் மாட்டேன் என்பார் என்று நினைத்தேன். "சரி மேடம்" என்றார்.

ஸ்பானிஷில் கேள்வி தொடங்கும் இடத்திலும் தலைகீழாக ஒரு கேள்விக்குறி வருமாம். பிள்ளைகள் விட்டுவிடுகிறார்கள். டீச்சர் இப்போது அதையும் போடுகிறார். யாருக்குப் புரியும் என்று சொல்வதில்லை. நானும் கேட்பதில்லை.