காதுக்காரர் வீட்டு ஸ்பீக்கர்

ஜெராம் ஊரில் செல்லையா என்று விசாரித்தால் நாலு பேரைக் காட்டுவார்கள். காதுக்காரர் என்று விசாரித்தால் ஒருவரைத்தான். அந்தப் பட்டத்தை அவருக்குக் கொடுத்தது ஈஜோக் பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலை. அங்கே இஞ்சின் ரூமில் முப்பத்தோரு வருஷம் வேலை பார்த்தவர். ஒருநாள் இரைந்துகொண்டிருந்த டர்பைனுக்குப் பக்கத்தில் நின்று, தலையை லேசாகச் சாய்த்து, பேரிங் போகப் போகிறது என்றார். மறுநாள் போனது. அன்றிலிருந்து கம்பெனி கொடுத்த காதடைப்பானை அவர் தொடவே இல்லை. நாடி பார்க்கிற வைத்தியர் கையில் உறை மாட்டிக்கொள்வாரா என்று மானேஜரையே திருப்பிக் கேட்டவர்.

புகழ் ஆலைக்கு வெளியேயும் பரவியது. தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் மைக்செட் நாகமணி, ஒரு பொத்தானைத் திருகுவதற்கு முன்னால் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் செல்லையாவின் கையைப் பார்ப்பார். கை மேலே போனால் சத்தத்தை ஏற்ற வேண்டும், கீழே வந்தால் இறக்க வேண்டும். இந்த விஷயத்தில் கோயில் தலைவர் பேச்சுகூட எடுபடாது.

இப்படிப்பட்ட காது ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்தால் அதற்கு ஒரு மரியாதை செய்ய வேண்டாமா? செல்லையா கோலாலம்பூருக்குப் போய், இடுப்பு உயரத்தில் இரண்டு ஸ்பீக்கர், இரண்டு பேர் தூக்க வேண்டிய ஒரு ஆம்ப்ளிஃபயர், மலைப்பாம்புக் குட்டி கனத்தில் கேபிள் எல்லாம் வாங்கி வந்தார். விலை என்னவென்று அவர் மனைவி வள்ளியம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. ஆகவே இங்கேயும் வேண்டாம். ஜால்ரா ஓசை காற்றில் கரைவதுகூடக் கேட்கும் என்று கடைக்காரர் சூடம் அணைக்காத குறையாகச் சொல்லியிருந்தார்.

செல்லையா வீட்டில் சூடம் காட்டிவிட்டே பாட்டைப் போட்டார். பாடகி கம்பளியைப் போர்த்திக்கொண்டு பாடினாள். ஜால்ராவைக் காணவே காணோம்.

அவர் பதறவில்லை. பேரிங்கைக் கண்டுபிடித்தவருக்கு இது எம்மாத்திரம்? முதலில் ஜன்னல் திரைகளைக் கழற்றினார். பிறகு கேபிளைத் தலைகீழாக மாட்டினார். ஸ்பீக்கர் தரையில் அதிர்கிறதோ என்று அடியில் அம்மிக்கல்லைக் கொடுத்தார். ஸ்பீக்கர் இரண்டு, அம்மி ஒன்று என்பதால் பக்கத்து வீட்டு அம்மியும் வந்து சேர்ந்தது. இரண்டு வீட்டிலும் சட்னி நின்றதுதான் மிச்சம். கடைசியில் கீச்சுச் சத்தத்துக்கான பொத்தானை முழுக்கத் திருகினார். வள்ளியம்மா பாத்திரம் கழுவுவதைக் கொல்லைப்புறத்துக்கு மாற்றிக்கொண்டாள். எதிர்வீட்டு நாய் வேறு தெருவில் குடியேறியது. காதுக்காரருக்கு மட்டும் போதவில்லை.

இதே சமயத்தில் தெருவில் வேறொரு தகராறு ஓடிக்கொண்டிருந்தது. முனையில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் சீனி முகம்மது, மேல்மாடியில், சீனர்கள் சூப்புக்கு நல்ல விலை கொடுத்து வாங்கும் குருவிக்கூடு வளர்த்தார். குருவிகளை அழைக்க, பதிவு செய்த குருவிச் சத்தத்தைக் காலையிலிருந்து பொழுது சாயும்வரை ஒலிபெருக்கியில் ஓடவிட்டிருந்தார். தெருவே திரண்டு நகராண்மைக் கழகத்துக்கு மனு எழுதியது. செல்லையா மட்டும் கையெழுத்துப் போடவில்லை. தனக்கு எந்தத் தொந்தரவும் இல்லை, மனுசன் பிழைத்துவிட்டுப் போகட்டும் என்றார். காதுக்காரர் பாய் கடை ரொட்டிச் சானாய்க்கு விலைபோய்விட்டார் என்று ஊர் பேசியது. நெகிழ்ந்துபோன சீனி முகம்மது அவரிடம் தேத்தண்ணிக்குக் காசு வாங்குவதை நிறுத்தவும், ஊர் பேசியது உண்மையாகவே ஆகிவிட்டது.

திருவிழாவுக்குப் பதினோரு நாள் இருக்கும்போது, பொறுமை இழந்த செல்லையா ஸ்பீக்கர் வாங்கிய கடைக்குப் போன் போட்டார். துளசி என்ற டெக்னீஷியன் பெண் லேப்டாப்போடு வந்தாள். இரண்டு அம்மிகளையும் பார்த்தாள், லேப்டாப்பைத் திறந்தாள்.

"அங்கிள், இப்ப ஒரு சத்தம் கீழ இருந்து மேல ஏறும். எந்த இடத்துல கேக்காம போகுதோ, அங்க கைய தூக்குங்க லா."

செல்லையா கண்களை மூடித் தலையைச் சாய்த்தார். டர்பைனுக்குச் சாய்த்த அதே சாய்ப்பு. கொஞ்ச நேரத்தில் கம்பீரமாகக் கை உயர்ந்தது.

"பாத்தியாம்மா? இந்த இடத்தோட ஒங்க ஸ்பீக்கர் செத்துப்போச்சு."

துளசி அவரைப் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் இரண்டு காதையும் இறுகப் பொத்திக்கொண்டு நின்ற வள்ளியம்மாவைப் பார்த்தாள். பிறகு மெதுவாக ஒரு பொத்தானை அழுத்திச் சத்தத்தை நிறுத்தினாள். வள்ளியம்மா கைகளை இறக்கினாள்.

"என்னங்க, பாய் கடைக் குருவி இப்ப கத்துதா?"

"அது எங்க கத்துது? மனு போனதும்தான் நிறுத்திட்டாரே. முன்னாடியும் லேசாத்தான கேட்டுச்சு."

"ஒருநாளும் நிறுத்தலைங்க. இப்பவும் கத்திக்கிட்டுத்தான் இருக்கு."

காதடைப்பான் போடாத முப்பத்தோரு வருஷமும் ஒன்றாக வந்து சோபாவில் செல்லையாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தன. துளசி நல்ல பெண். ஒலி சரி, அறைதான் சரியில்லை என்று தாளில் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள்.

அன்று அவர் சோறு தொடவில்லை. இந்தச் சேதி நாகமணி காதுக்குப் போனால், அடுத்து யாருடைய கையைப் பார்ப்பார்? கடைசி வரிசையில் செல்லையா வெறும் செல்லையாவாக, ஜெராமில் அந்த நாலு பேரோடு ஐந்தாவதாக உட்கார வேண்டியதுதான். இந்த வருஷம் திருவிழாவுக்கு வரவில்லை, முதுகுவலி என்று சொல்லிவிடப் போவதாக அறிவித்தார்.

"முதுகுவலி எதுக்குங்க? எனக்குக் காது இருக்குல்ல," என்றாள் வள்ளியம்மா. "நான் பொம்பளைங்க பக்கம் முன்னால உக்காருறேன். தலைப்பூவைத் தொட்டா எறக்குங்க. வளையலைத் தொட்டா ஏத்துங்க."

திருவிழா வந்தது. வள்ளியம்மா பூவைத் தொட்டாள், கை இறங்கியது, நாகமணி திருகினார், நாதஸ்வரம் குழைந்தது. வளையலைத் தொட்டாள், தவில் எழுந்தது. இத்தனை வருஷத்தில் இந்த வருஷ மைக்செட்தான் சுத்தம் என்று மனுவில் கையெழுத்துப் போட்டவர்களே பேசிக்கொண்டார்கள்.

பிறகு கோயில் தலைவர் மைக்கைப் பிடித்தார். முக்கால் மணி நேரம் ஆனது. அன்னதானச் சோறு ஆறிக்கொண்டிருந்தது. வள்ளியம்மா பூவைத் தொட்டாள். கொஞ்சம் கழித்து மறுபடியும் தொட்டாள். அப்புறம் பூவிலிருந்து கையை எடுக்கவே இல்லை. கடைசி வரிசையில் கை இறங்கி, இறங்கி, முழங்காலைத் தொட்டது. நாகமணி கடமை தவறாதவர். தலைவரின் உதடு மட்டும் அசைந்தது. சபை எழுந்து பந்திக்குப் போனது.

வீட்டுக்கு வந்ததும் செல்லையா கவலையோடு கேட்டார், தலைவர் குரலில் அவ்வளவு கீச்சா என்று.

வள்ளியம்மா ஸ்பீக்கருக்கு அடியிலிருந்து தன் அம்மியை உருட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் காதருகே வந்து, நிதானமாக, உரக்கச் சொன்னாள்:

"சத்தமெல்லாம் சரியாத்தான் இருந்துச்சுங்க. எனக்குத்தான் பசி."