உளியின் தலையில் ஒரு கட்டைவிரல்

வெளியூர்க்காரர்கள் 'கையாள்' என்ற சொல்லைக் கொஞ்சம் தாழ்த்தித்தான் சொல்வார்கள். எடுபிடி, கூப்பிட்ட குரலுக்கு ஓடுகிறவன், இன்னொருத்தர் நிழலில் பிழைக்கிறவன் என்று. மாரிகுப்பத்தில் தங்கச் சுரங்கத்துக்குள் இறங்கிப் பாருங்கள், அதே சொல்லுக்கு எடை வேறு.

பாறையில் வெடிமருந்துக்குக் குழி போட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சம்மட்டி அடிப்பார். மற்றவர் நீண்ட எஃகு உளியை இரு கையாலும் பிடித்து, அடிக்கு அடி சற்றே திருப்பிக்கொண்டிருப்பார். அவர்தான் கையாள். உளி மழுங்கிவிட்டாலும், குழியில் தூள் அடைத்தாலும் அவர் வாய் திறப்பதில்லை. உளியின் தலைமேல் தன் கட்டைவிரலை வைப்பார். அவ்வளவுதான். மேலே போன சம்மட்டி மேலேயே நின்றாக வேண்டும்.

மூன்று வருஷம் நான் ஒருத்தருக்குக் கையாள். குடியாத்தம் பக்கத்து மனிதர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணே என்பேன். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவர் முகம் எனக்குச் சரியாகத் தெரிந்ததில்லை. என் விரல் அவருக்குத் தெரியும். ஒரு நாளும் தவறவிட்டதில்லை. சுரங்கத்திலிருந்து மேலே தூக்கும் கேஜில் ஏறும்போது யாராவது கேட்டால், "இவன் நம்ம கையாளுபா" என்று தோளில் கை போடுவார். அந்த 'நம்ம'வை நான் வீடு வரைக்கும் சுமந்துபோவேன்.

அவரே மேஸ்திரியிடம் பேசி எனக்குச் சம்மட்டி அடிக்கும் வேலை வாங்கிக் கொடுத்தார். எனக்கென்று ஒரு கையாளும் வந்தான். அண்ணனிடம் என் இடத்துக்கு ஆம்பூரிலிருந்து ஒருவன் வந்தான். என் வயதுதான், எதற்கும் சிரிப்பவன். சுரங்கத்தின் அதே ஆழத்தில், அதே லெவலில், எனக்குப் பத்தடி தள்ளி, அண்ணனின் உளியைப் பிடித்தான்.

"சம்மட்டி குட்த்துக்கிறாங்க, மூஞ்ச ஏன் தொங்கப் போட்டுக்கினு கீற?" என்றாள் என் மனைவி.

"அவனப் போயி நம்ம கையாளுன்றாரு."

"அய்ய! சக்களத்தி வந்தாப்ல இல்ல பேசற! வெளிய சொல்லாத, சிரிப்பாங்க."

சிரிக்கட்டும். மறுநாளும் பார்த்தேன். ஆம்பூர்க்காரன் விரல் உளியின் தலைக்குப் போயிற்று. நிற்காதே, என்று ஒரு நொடி நினைத்தேன். ஆம், நினைத்தேன். எழுதும்போது இப்போதும் கை கூசுகிறது. சம்மட்டி நின்றது. எனக்கு நின்ற அதே உயரத்தில், அதே லேசில் நின்றது.

அதற்கப்புறம் என் கண் என் குழியில் தங்கவில்லை. ஒரு நாள் அந்தப் பக்கமிருந்து அவன் சிரிப்பும், அதற்குமேல் அண்ணனின் சிரிப்பும் கேட்டன. என்னோடு அவர் வேலையில் சிரித்ததே இல்லையே. திரும்பினேன். என் சம்மட்டி மட்டும் கீழே போய்க்கொண்டிருந்தது. என் கையாளின் விரல் உளிமேல் இருந்தது.

அவன் இழுத்துக்கொண்டான். நகம் மட்டும் போயிற்று.

"யோவ், கண்ணு எங்கியா கீது ஒனக்கு?" என்றான்.

அண்ணன் ஓடிவந்தார். தன் தலைத்துண்டைக் கிழித்து அவன் விரலைச் சுற்றினார். என்னைப் பார்த்து, "எங்கடா பாத்துக்கினு இருந்த?" என்றார். சொல்ல முடியுமா? அவரும் மறுபடி கேட்கவில்லை.

நகம் வளர்ந்ததும் அவன் திரும்பி வந்தான். என் உளியைத்தான் பிடித்தான். ஆனால் விரல் வைப்பதில்லை. "நிறுத்துபா!" என்று தொண்டை கிழியக் கத்துவான். அவனுக்குப் பின் வந்தவர்களும் கத்தினார்கள். அவன் சொல்லி வைத்திருப்பான். வேலையை விட்டு நான் சம்மட்டியைக் கீழே வைக்கும் வரைக்கும் என் உளியின் தலையில் எவரும் விரல் வைக்கவில்லை.

பத்தடி தள்ளி அண்ணனின் சம்மட்டி ஒரு சத்தமும் இல்லாமல் நிற்கும். நின்று, மறுபடி விழும். நான் கத்தலுக்குக் காது கொடுத்தபடி அடித்துக்கொண்டிருப்பேன்.