ஜிம்மியின் உறுமலைக் கேட்ட பிலோமினா

பிலோமினா இறந்துவிட்டாள் என்று அவள் தம்பி தொலைபேசியில் சொன்னபோது, "அதுக்கு முன்னாடி இன்னா ஆச்சு?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது அவளுடைய கேள்வி என்று உறைத்தது. இரண்டு நாளாக நெஞ்சு எரிகிறது என்று சொல்லியிருக்கிறாள். வாயுவாக இருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்களாம்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களோடு திருகாணி சோதித்த உங்கள் எல்லோருக்கும் அந்தக் கேள்வி நினைவிருக்கும். நாம் கோணல் திருகாணியைக் கூடையில் வீசிவிட்டு அடுத்ததை எடுப்போம். அவள் அதை விரலில் உருட்டிக்கொண்டு மெஷின் பக்கம் போய்விடுவாள். "கழிச்சுப் போடறது சுலபம். எங்க கோணலாச்சுன்னு பாக்க வேணாமா?" என்பாள். சூப்பர்வைசர் திட்டினாலும் போவாள்.

அவளை நான் முழுதாக அறிந்தது பாடியில் இருந்த எங்கள் வீட்டில்தான். எண்பதுகளின் நடுவில், என் மகன் பாபுவுக்கு மூன்று வயது. ஜிம்மி என்று ஒரு நாட்டு நாய் வளர்த்தோம். ஒரு மாலை அடுப்பில் பால் பொங்குகிறதென்று உள்ளே போனேன். கட்டிலுக்கு அடியில் படுத்திருந்த ஜிம்மியைக் கட்டிக்கொள்ளப் பாபு தவழ்ந்து போயிருக்கிறான். அலறல் கேட்டு ஓடினால், கன்னத்தில் பல் பதிந்து ரத்தம். குழாயடியில் சோப்புப் போட்டுக் கழுவி, அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தொப்புளைச் சுற்றி ஊசி. தினமும் அவன் என் புடவையைப் பிடித்துக்கொண்டு அழுதது இப்போதும் காதில் இருக்கிறது.

குத்தம்பாக்கத்தில் யாருடைய வயலிலாவது நாயை விட்டுவிடுவது என்று என் கணவர் முடிவு செய்தார். பத்து நாள் நாயைக் கண்காணிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதால்தான் அது தள்ளிப்போனது. வேலையிடத்தில் இதைச் சொன்னேன். "எனக்கு ஒரு ஞாயித்துக்கெழம குடு" என்றாள் பிலோமினா.

முத்தாபுதுப்பேட்டை தேவாலயத்தில் பூசை முடிந்த கையோடு வந்தாள். ஜிம்மியைச் சன்னலில் கட்டச் சொன்னாள். பாபுவை மடியில் வைத்துக்கொண்டு, எட்டாத தூரத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவன் கையை நீட்டும்போதெல்லாம் நாய் முகத்தைத் திருப்பியது, மூக்கை நக்கியது, பிறகு கொட்டாவி விட்டது.

"தூக்கம் போல" என்றேன்.

"பதினோரு மணிக்கு இன்னா தூக்கம்? அவன் கைய நீட்டுனா மட்டும் வர்ற தூக்கமா?" மறுபடி பார்த்தாள். "கடிக்கறதுக்கு முன்னாடி உறுமுச்சா?"

"இப்பல்லாம் உறுமறதே இல்ல" என்றார் என் கணவர், கொஞ்சம் பெருமையாகவே. "போன மாசம் புள்ளைய பாத்து உறுமிச்சு. பெல்ட்டால நாலு போட்டேன். அடங்கிடுச்சு."

பிலோமினா அவர் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அது வேணாம் வேணாம்னு சொல்லிகினு இருந்திருக்கு. நீங்க அத சொல்லக்கூடாதுன்னு அடிச்சிருக்கீங்க. அதான் சொல்லாமலே கடிச்சிடுச்சு."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நாயை அடித்த அன்று, நல்லதுதான் என்று நானும் நினைத்திருந்தேன்.

அரை மணி நேரம் கழித்துத் திரும்பி வந்தவர், வாசற்படியில் நின்றபடி கேட்டார். "அப்ப இன்னா பண்ணணும்?"

"எனக்கும் முழுசா தெரியாதுண்ணே. பாத்துப் பாத்துதான் தெரிஞ்சிக்கணும்."

ஆனால் சிலவற்றை அன்றே உறுதியாகச் சொன்னாள். கட்டிலடி நாயின் இடம், பிள்ளை அங்கே போகக் கூடாது. அது சாப்பிடும்போதும் தூங்கும்போதும் அண்டக் கூடாது. இரண்டையும் தனியே விடவே கூடாது. "பால் பொங்குனா பொங்கட்டும். புள்ளைய இடுப்புல தூக்கிகினு போய் எறக்கு" என்றாள். பாபுவுக்கும் ஒன்று கற்றுக்கொடுத்தாள். நாயிடம் அவன் போகக் கூடாது, கூப்பிட வேண்டும். வந்தால் முதுகைத் தடவலாம், வராவிட்டால் விட்டுவிட வேண்டும். அதன் பிறகு அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "ஜிம்மி, வர்றியா?" என்று கேட்டுவிட்டுக் காத்து நிற்பான். பல நாள் அது வரவில்லை. ஒரு நாள் வந்தது.

சில மாதங்கள் கழித்து, பந்தை எடுக்கப் பாபு கட்டிலடியில் தலையை விட்டான். உள்ளேயிருந்து மெல்ல ஓர் உறுமல். என் கணவர் நாளிதழைக் கீழே வைத்துவிட்டு, பாபுவைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். "சரோஜா, ஜிம்மி உறுமுதுடி" என்றார். மகன் முதல் வார்த்தை பேசிய அன்று அவர் குரல் அப்படித்தான் இருந்தது. மறுநாள் வேலைக்குப் போனதும் இதைத்தான் முதலில் பிலோமினாவிடம் சொன்னேன். அவள் அளவு பார்க்கும் கேஜைக் கீழே வைத்துவிட்டு, "எவ்ளோ நேரம் உறுமிச்சு? பல்ல காட்டுச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

ஜிம்மி அதன் பிறகு யாரையும் கடிக்கவில்லை. வயதாகி, எங்கள் வீட்டிலேயே செத்தது.

பாபு பதினைந்து வயதில் ஒரு நாள் பையை எறிந்துவிட்டு என்னைப் பார்த்துக் கத்தினான். அவன் அப்பா நாற்காலியிலிருந்து எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டு, "சொல்லுடா, கேக்கறேன்" என்றேன். கத்தி முடித்த பிறகு, பள்ளியில் நடந்ததையெல்லாம் அவனே சொன்னான். பிலோமினாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இவ்வளவுதான். அன்று இருட்டும் வரை அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.