ராணி இட்லி சாப்பிட்ட கதை

யாராவது நன்றாகப் பழகினால், இவருக்கு நம்மிடம் என்ன வேண்டுமோ என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். ஆக்லாந்தில் ஒரு மருத்துவ ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை எனக்கு. வந்த முடிவை நம்பாமல் மறுபடியும் பார்ப்பதற்குத்தான் சம்பளம். அந்தக் குணம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அதனால் என் ஒரே மகள், ஒரு யூதக் குடும்பத்துப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னபோது நான் சரி என்றும் சொல்லவில்லை, கூடாது என்றும் சொல்லவில்லை. அவன் வீட்டாரைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவளுக்கு அப்பா இல்லை. எதுவானாலும் நான் ஒருத்திதான் சொல்லியாக வேண்டும்.

கிளென் ஈடனில் இருக்கும் அவர்கள் வீட்டில் பூரிம் என்கிற யூதப் பண்டிகை விருந்துக்குக் கூப்பிட்டார்கள். அங்கிருந்து கிளம்புவதற்குள் பதில் சொல்வதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். உண்மையைச் சொன்னால், பதில் 'கூடாது' என்று ஏற்கனவே முடிவாகியிருந்தது. அதற்கு ஒரு நல்ல காரணம்தான் கிடைக்க வேண்டியிருந்தது.

வேடம் போட்டுக்கொண்டு வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். நான் பட்டுப்புடவையில் போனேன். வாசலில் ஒரு அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்து, "ரொம்ப அழகா இருக்கு, யார் வேஷம்?" என்று கேட்டாள். காரணம் ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொண்டேன்.

பையனின் அப்பா கண் மருத்துவர். அன்று குளியல் அங்கியும் பஞ்சில் செய்த தாடியுமாகச் சாப்பாட்டு மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் தடித்தடியான வேத நூல்கள். "வருஷம் முழுக்க பயபக்தியா படிக்கிறத இன்னிக்கு ஒரு நாள் மட்டும் கிண்டலா படிப்போம், ஆண்ட்டி. அதுதான் இந்தப் பண்டிகை" என்று பையன் என் காதில் சொன்னான். நான் தலையாட்டினேன், நம்பவில்லை.

அவர் ஒரு வரியில் விரலை வைத்து ஆரம்பித்தார். பண்டிகைக் கதையில் வரும் ராஜா ஆண்ட நாடுகளில் முதலில் சொல்லப்படுவது இந்தியா. எது முதலில் சொல்லப்படுகிறதோ அதுவே அரண்மனை அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. ஆகவே சமையல்காரர் இந்தியர். யூதப் பெண்ணான ராணி அரண்மனை இறைச்சியைத் தொடாமல் பருப்பு வகைகளையே சாப்பிட்டு உயிர் வாழ்ந்தாள் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். அரண்மனையிலோ மாதக்கணக்கில் குடி. ஆகவே அங்கே ஏதோ புளித்துக்கொண்டே இருந்திருக்கிறது. இந்தியச் சமையல்காரர், பருப்பு, புளிப்பு. ராணி சாப்பிட்டது இட்லி.

எனக்குக் காது சுட்டது. த்ரீ கிங்ஸில் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அந்தப் பையன் இட்லிதான் சாப்பிடுவான். சாப்பிட்டதையெல்லாம் வீட்டில் போய் ஒப்பித்திருக்கிறான். நம்மை வரவழைத்து, நடுவில் உட்காரவைத்து, நம் சாப்பாட்டையே கேலி செய்கிறார்கள்.

பேச்சு முடிந்தது. யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். பெரியவர் தாடியைத் தடவிக்கொண்டு காத்திருந்தார். எதற்குக் காத்திருக்கிறார்கள், நான் அழவா? நான் வாயைத் திறக்கவில்லை. பெண்ணைப் பெற்றவள், பிள்ளை வீட்டில் போய் எதிர்த்துப் பேசுவது எங்கள் வழக்கமில்லை. ஆகவே தட்டில் இருந்த கசகசாப் பலகாரத்தின் மூன்று மூலைகளையும் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரியவரின் முகம் மெல்ல வாடிப்போனது. மகள் என் முழங்கையைப் பிடித்தாள்.

"அம்மா, ப்ளீஸ், முகத்த அப்படி வெச்சுக்காத."

என் இன்னொரு பக்கத்தில் இருந்த பையனின் அம்மா தணிந்த குரலில் கேட்டாள்: "உங்களுக்கு எங்களப் பிடிக்கலையா? இந்த வீட்டுல ஒருத்தர் இப்படிப் பேசி முடிச்சா, முதல் மறுப்பு முக்கியமான விருந்தாளியோடது. அவங்க சொல்ற வரைக்கும் வேற யாரும் பேச முடியாது. மறுக்காம இருந்தா, பேசினவர மதிக்கலைன்னு அர்த்தம். ஒரு மாசமா உங்களுக்காகத்தான் இத எழுதினார்."

நான் மரியாதை என்று காத்த மௌனம், அவர்களுக்கு அவமரியாதையாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இதுவும் ஒரு தந்திரமாக இருக்குமோ என்று அப்போதும் யோசித்தேன். எங்கள் ஊர்க் கோயிலில் தாயார் கதவைச் சாத்திக்கொண்டு, ஊர்சுற்றிவிட்டு வந்த பெருமாளை வாழைமட்டையால் அடிக்கிற உற்சவம் உண்டு. நானே விழுந்து விழுந்து சிரித்திருக்கிறேன். ஆனால் அது நம் பெருமாள். அதை வேற்று மனிதர்களைக் கூப்பிட்டுவைத்துக் காட்டுவோமா? எங்கள் ஆட்கள் என்று நினைப்பவர்களுக்குத்தான் காட்டுவோம்.

அப்படியானால் இவர்கள் என்னையும் அப்படித்தான் நினைக்கிறார்களா? அந்த நினைப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இருந்தாலும் எழுந்து நின்றேன்.

"உங்க ஆராய்ச்சி தப்பு" என்றேன். மேசையைச் சுற்றி எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். "வெறும் பருப்ப அரைச்சு வெச்சா அது வடை மாவு. இட்லிக்கு அரிசி வேணும், அதுவும் உளுந்த விட அதிகமா. உங்க புத்தகத்துல அரிசி எங்க இருக்கு?"

ஒரே ஆரவாரம். யாரோ மேசையைத் தட்டினார்கள். பெரியவர் மட்டும் புத்தகத்தை மூடினார். பஞ்சுத் தாடியைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"இல்லைதான்" என்றார். "எங்க கிட்ட பருப்பு மட்டும்தான் இருக்கு. அரிசி உங்க வீட்டுலேருந்துதான் வரணும். அதக் கேக்கத்தான் உங்கள வரச் சொன்னேன்."

அந்த முகத்தில் கேலியைத் தேடினேன். மறுபடியும் தேடினேன். இல்லை. என் மகள் என்னைப் பார்க்காமல் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பலகாரத்தை முள்கரண்டியால் பொடிப்பொடியாக்கியிருந்தாள். அவள் எவ்வளவு பயந்துபோய் இருக்கிறாள் என்று அப்போதுதான் பார்த்தேன். அந்த நேரத்தில் எனக்கு ஆங்கிலம் வரவில்லை. தமிழில் அவளிடம்தான் சொன்னேன்.

"அரிசிய தனியா ஊற வைக்கணும், உளுந்த தனியா ஊற வைக்கணும். அரைச்சப்புறம்தான் ஒண்ணா சேக்கணும்னு சொல்லு. அரிசி நான் தரேன்னு சொல்லு. ஆனா அவசரப்படக் கூடாது."

மகள் எழுந்து நின்று ஆங்கிலத்தில் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள், கடைசி வாக்கியத்தைத் தவிர. நான் திருத்தவில்லை.