பங்காளி வீட்டுக்கு ஓர் அரிவாள்

கோர்ட்டில் சும்மா உட்கார்ந்திருப்பதும் ஒரு தண்டனை, தெரியுமா? ‘நீதிமன்றம் கலையும்வரை’ என்று தீர்ப்பிலேயே எழுதுவார்கள். போன வாரம் அந்தத் தண்டனை வாங்கிய ஒரு பையனுக்குத் துணையாக, காரைக்குடி கோர்ட் வராந்தாவில் நானும் சாயங்காலம்வரை நின்றேன்.

பையன் பெயர் கார்த்தி. பக்கத்து வீட்டுப் பாண்டியம்மா மதினியின் மகன். வெல்டர். சிங்கப்பூரில் வேலை கிடைத்திருந்தது. கிடைத்தால் குலசாமி கருப்பருக்கு அரிவாள் செய்து வைப்பதாக மதினி நேர்ந்திருந்தார். எங்கள் பக்கம் இது சாதாரணம். குலசாமி கோயில்களில் போய்ப் பாருங்கள்... ஆள் உயர அரிவாள்கள் வரிசையாக நிற்கும்.

புது அரிவாளைத் துண்டில் சுற்றிக்கொண்டு, பைக்கில் நாட்டரசன்கோட்டைக்குக் கிளம்பினான் கார்த்தி. அங்கே பங்காளிகள் கூடி, எல்லோருமாகக் கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. வழியில் வாகனச் சோதனை.

“என்னடா இது?”

“அருவா சார்.”

“எங்குட்டுக் கொண்டு போறே?”

“பங்காளி வீட்டுக்கு சார்.”

முடிந்தது கதை!

ஒரே குலசாமியைக் கும்பிடுகிற சொந்தக்காரர்கள் எங்களுக்குப் பங்காளிகள். போலீஸ் அகராதியில் பங்காளி என்றால் வரப்புத் தகராறு. ‘பங்காளிகளைத் தாக்கும் நோக்கத்துடன் ஆயுதம் வைத்திருந்தார்’ என்று எழுதிவிட்டார்கள். எழுதியவர் வெளியூர்க்காரர் என்றாலாவது மன்னிக்கலாம். அவரும் வருஷா வருஷம் கருப்பருக்குக் கிடா வெட்டுகிறவர்தான்!

சாமிக்கு என்று பிறகு கெஞ்சிச் சொல்லியிருக்கிறான். “மாட்டுனதும் சாமி ஞாபகம் வருதோ?” என்றார்களாம்.

வக்கீல் இன்னும் வசதியாக வழிகாட்டினார். “ஒத்துக்கிட்டா, கோர்ட் கலையிற வரைக்கும் உக்காந்துட்டு, அபராதத்தக் கட்டிட்டு வந்துரலாம். நடத்துனா வருசக்கணக்கா இழுக்கும். கத்தி, அருவான்னா இப்பெல்லாம் ரொம்பக் கடுமையா இருக்காக.”

ஒத்துக்கொண்டான். விமானத்தைப் பிடிக்க வேண்டுமே! ஆனால் ஒத்துக்கொண்டால் குற்றவாளி. குற்றவாளிக்கு ஏது போலீஸ் சான்றிதழ்? அது இல்லாமல் ஏது சிங்கப்பூர்? இதை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. கம்பெனி வேறு ஆளை எடுத்துக்கொண்டது.

கடுமையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பட்டப்பகலில் பஸ் ஸ்டாண்டில் வெட்டுகிற காலம், பயமாகத்தான் இருக்கிறது. ஆனால், கடுமை யாரிடம்? அன்றைக்கு அதே கோர்ட்டில் இன்னொரு பையன். வசதியான வீடு. நடுரோட்டில் பட்டாக்கத்தியால் பர்த்டே கேக் வெட்டி ரீல்ஸ் போட்டவன். அவனுக்கு மதுரையிலிருந்து பெரிய வக்கீல். அது அலங்காரக் கத்தியாம், முனை மழுங்கியதாம்! வாய்தா வாங்கிக்கொண்டு, சிரித்தபடி காரில் ஏறிப் போனான். வக்கீல் கூர்மையாக இருந்தால் கத்தி மழுங்கிவிடும் போல.

நேற்று மதினி வந்திருந்தார்.

“அப்பீலுக்கு வேற வக்கீலப் பாத்திருக்கோம் தம்பி. கேசு ஒண்ணுமில்லாமப் போச்சுன்னா, அதவிடப் பெரிய அருவாளா செஞ்சு வைக்கிறேன்னு கருப்பருக்கு நேந்திருக்கேன்.”

எனக்குப் பகீரென்றது. “அதை யாரு மதினி கொண்டுபோறது?”

“நீங்கதான் தம்பி. பேப்பர்ல எழுதுறவுகள யாரு புடிக்கப் போறாக?”

மதினிக்குச் சட்டம் புரிந்துவிட்டது.